ஸ்டார எண்ணி ஆளெடுக்காதடா மச்சா: ஓஓடிபி பேஸ்பால்ல ஒரு பிளேயரோட வெல

ஓஓடிபிங்கற பேஸ்பால் கம்ப்யூட்டர் கேம்ல, பிளேயர் எவ்வளவு நல்லவன்னு காட்டற மஞ்ச ஸ்டார எண்ணி ஆளெடுக்கறவங்க மேல எனக்கு கோவமே கெடையாதுங்க. சொல்லப்போனா அவங்கள எனக்கு நெம்பப் புடிக்கும், எங்க லீக்ல நான் சல்லிசா வாங்குன ஆளுங்க முக்காவாசிப்பேரு அவங்க டீம்ல இருந்து வந்தவங்கதான். ஆனா என்ற மாமா பையன் ஒருத்தன் கோபில இருக்கறான், லீக்ல ஒரு டீம் காலியா கெடக்குதுன்னு அவனையும் இழுத்து உட்டேன், வந்தவொடனே அவனும் ஸ்டார் ஸ்டாரா பொறுக்க ஆரம்பிச்சுட்டான். "அஞ்சு ஸ்டார்றா மச்சா, அதெப்படி மோசமாப் போவான்"ங்கறான். வாட்ஸப்ல வாய்ஸ் நோட்டு அனுப்பி அனுப்பி தொண்ட கட்டிக்கிச்சு, அதான் ஒட்டுக்கா இங்கயே எழுதிப்போடறேன். அவனும் படிச்சுக்கட்டும், வேற யாராவது இந்தக் கெணத்துல விழுந்திருந்தீங்கன்னா உங்களுக்கும் ஆச்சு.

தெரியாதவங்களுக்கு மட்டும் சித்த சொல்லிர்றேன். ஓஓடிபின்னா அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால், மார்கஸ் ஹைன்சோன்னு ஒரு ஜெர்மன்காரர் பண்ணுன கேம், 1999ல இருந்து வந்துட்டு இருக்குது. இதுல நீங்க பேட்டப் புடிச்சு அடிக்கறதெல்லாம் கெடையாது, டீம நடத்தற ஆளு நீங்க. யார வாங்கறது, யார விக்கறது, எவ்வளவு சம்பளம், யாரு எந்த எடத்துல நிக்கறது, இது முச்சூடும் உங்க சோலி, மேட்ச கம்ப்யூட்டர் ஆடிக்கும். ஆன்லைன் லீக்ல ஒவ்வொருத்தரும் அவங்கவங்க டீம் ஃபைல எக்ஸ்போர்ட் பண்ணி ஏத்திரோணும், கமிஷனர் ஒரு வாரத்து மேட்ச ஒரே ஓட்டா ஓட்டி உடுவாரு. எங்க கமிஷனர் அமெரிக்காவுல இருக்கறாரு, அவருக்கு ராத்திரி 9 மணின்னா கோட சமயத்துல நமக்குக் காலைல ஆறரை, திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குக் கெளம்பற அவசரத்துல பல்லு வெளக்கிட்டே ரிசல்ட்டு பாக்கற கூட்டத்துல நானும் ஒருத்தன்.

சரி விசயத்துக்கு வர்றேன். ஒரு பிளேயர் இதுவரைக்கும் என்ன பண்ணிருக்கான்ங்கறது ஒண்ணு, அவனால என்ன பண்ண முடியும்ங்கறது வேற ஒண்ணு, அவன வெச்சுக்கறதுக்கு நான் என்னத்தக் குடுக்கறேன்ங்கறது மூணாவது. இந்த மூணையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பிக்கறதுதான் எல்லாத் தப்பு யாவாரத்துக்கும் காரணம், ஸ்டாரு அந்தக் கொழப்பத்த இன்னும் ஜாஸ்தியாக்குது. ஏன்னா அந்த ஸ்டாரு எப்புடி வருதுன்னு பாருங்க. மொதல்ல அது உங்க ஸ்கவுட்டு, அதாவது ஆளுங்களப் பாத்து எடைபோடறவன், சொல்ற கணக்கு, ஸ்கவுட்டு மோசமான ஆளா இருந்தா கணக்கும் மோசம். அடுத்து, லீக் செட்டிங்ல ஏஐ எவாலுவேஷன்னு ஒரு எடம் இருக்குது, ரேட்டிங்குக்கு எவ்வளவு வெயிட்டு, இந்த வருச ஸ்டேட்ஸுக்கு, அதாவது ஆடுன ஆட்டக் கணக்குக்கு, எவ்வளவு, போன வருசத்துக்கும் அதுக்கு முந்துன வருசத்துக்கும் எவ்வளவுன்னு அங்க வெச்சிருப்பாங்க. ஓவராலும் அத வெச்சே வர்ற மாதிரி லீக்ல செட் பண்ணிருந்தா, ரெண்டு மாசம் அதிர்ஷ்டத்துல அடிச்சவனுக்குக்கூட ஸ்டாரு கூடிரும். அவன் தெறம ஒரு இஞ்சு கூட நகந்திருக்காது. எதுத்தாப்ல இருக்கறவன் அத நம்பி வெல பேசுவான். நம்புனா அது அவன் பாடு.

இப்ப ஸ்டேட்ஸ். நம்மாளுங்க கிரிக்கெட்ல இருந்து வர்றதால மொதல்ல பாக்கறது பேட்டிங் ஆவரேஜ். 2004 சீசன எடுத்துக்குங்க, நெச பேஸ்பாலு. இச்சிரோ சுசுகி அந்த வருசம் 262 ஹிட்டு, அதாவது அடிச்சுட்டு அவுட்டாகாம பேஸுக்குப் போய்ச் சேந்தது, அடிச்சாரு, ஒரே சீசன்ல அதுதான் இன்னிக்கு வரைக்கும் ரெக்கார்டு, ஆவரேஜ் 0.372. அதே வருசம் பேரி பாண்ட்ஸ் அடிச்சது 135 ஹிட்டுதான், ஆவரேஜ் 0.362. ஹிட்டு பாதிதான, அப்ப இச்சிரோதான் பெரியாளுன்னு தோணுமில்லீங்க? ஆனா பாண்ட்ஸுக்கு அந்த வருசம் 232 வாக்கு. பவுலர் நாலு பால வெளிய போட்டுட்டா பேட்ஸ்மேன் சும்மாவே மொதப் பேஸுக்கு நடந்து போயிக்கலாம், அதுதான் வாக்கு, அதுல 120 தடவ இவனுக்குப் போடவே வேண்டாம்னு வேணும்னே அனுப்பி வெச்சது. அதையுஞ் சேத்துப் பாத்தா பாண்ட்ஸ் பேஸுக்குப் போன வீதம் 0.609, இச்சிரோவுக்கு 0.414. ஒரே அடில எல்லாப் பேஸையும் சுத்தி வந்து ரன்னாக்கற ஹோம் ரன், பாண்ட்ஸ் அடிச்சது 45, இச்சிரோ 8. இச்சிரோ அடிச்ச 262ல 225 சிங்கிள், அதாவது மொதப் பேஸோட நின்ன அடி. ரெண்டுபேருக்கும் ஆவரேஜ்ல இருக்கற வித்தியாசம் நூல் கணக்கு, ரன்னுல பாத்தா மலைக்கும் மடுவுக்கும்.

அதனால ஆவரேஜத் தூக்கி ஓரமா வெச்சுட்டு ஒவ்வொண்ணுக்கும் ஒரு வெல போடோணும். வோபான்னு ஒரு கணக்கு இருக்குது, வருசத்துக்கு வருசம் சித்த மாறும், நான் தோராயமா வெச்சுக்கறது வாக்கு 0.69, சிங்கிள் 0.89, டபிள் 1.27, டிரிப்பிள் 1.62, ஹோம் ரன் 2.10. ஹோம் ரன்னு சிங்கிளுக்கு நாலு மடங்கு கெடையாது, ரெண்டரைக்கும் கீழதான், வாக்குக்கும் சிங்கிளுக்கும் நடுவுல நாம நெனைக்கற அளவுக்கு தூரமும் கெடையாது. இந்த ரெண்டு விசயம் மண்டைல ஏறிருச்சுன்னா பாதி கேம் முடிஞ்சுது.

மச்சானுக்குப் போட்டுக் காட்டுன கணக்க அப்புடியே தர்றேன். ரெண்டு ஆளுங்க, ரெண்டுபேரும் 600 தடவ பேட்டு புடிக்க வந்தவங்கன்னு வெச்சுக்குங்க. மொத ஆளு ஃபர்ஸ்ட் பேஸ்மேன், ஆவரேஜ் 0.310, வாக்கு 25, சிங்கிள் 138, டபிள் 28, டிரிப்பிள் 2, ஹோம் ரன் 10. ரெண்டாவது ஆளு ஷார்ட்ஸ்டாப், அதாவது செகண்ட் பேஸுக்கும் தேர்டு பேஸுக்கும் நடுவுல நிக்கற ஃபீல்டரு, ஆவரேஜ் 0.245தான், பாக்கவே பரிதாபமா இருக்கும், ஆனா வாக்கு 85, சிங்கிள் 75, டபிள் 27, டிரிப்பிள் 2, ஹோம் ரன் 22. மேல சொன்ன வெலையில பெருக்கிக் கூட்டுனீங்கன்னா மொதலாமவனுக்கு 200 வரும், ரெண்டாமவனுக்கு 209. இந்த 9 வித்தியாசத்த 1.25ஆல வகுத்தா ரன்னாயிரும், சுமார் 7 ரன்னு. ஆக 0.310 அடிக்கறவனவிட 0.245 அடிக்கறவன் பேட்டுலயே 7 ரன்னு ஜாஸ்தி. இன்னும் ஃபீல்டிங் பக்கம் நாம போகவே இல்ல.

அங்க போனாத்தான் கத மாறுது. ஷார்ட்ஸ்டாப்ல நிக்கத் தெரிஞ்சவன் கெடைக்கறது கஷ்டம், ஃபர்ஸ்ட் பேஸ்ல யார வேணா நிக்க வெக்கலாம். அதுக்கும் ஒரு கணக்கு இருக்குது, முழு சீசனுக்கு பேட்ஸ்மேன் பின்னாடி பால் புடிக்கற கேட்சருக்கு 12.5 ரன்னு சேத்துக்குவாங்க, ஷார்ட்ஸ்டாப்புக்கு 7.5, செண்டர் ஃபீல்டு, செகண்ட் பேஸ், தேர்டு பேஸுக்கு 2.5, அப்பறம் கழிக்கற கூட்டம், லெஃப்ட் ரைட் ஃபீல்டுக்கு 7.5 கழிப்பாங்க, ஃபர்ஸ்ட் பேஸுக்கு 12.5, வெறும் பேட்டு மட்டும் புடிக்கற டிஹெச்சுக்கு 17.5. அப்ப நம்ம ரெண்டு ஆளுக்கும் நடுவுல எடத்த வெச்சே 20 ரன்னு ஆச்சு, பேட்டுல 7, மொத்தம் 27. பத்து ரன்னுக்கு ஒரு ஜெயிப்புன்னு தோராயமா வெச்சுக்குவாங்க, ஆக கிட்டத்தட்ட மூணு மேட்சு வித்தியாசம். இந்த மாதிரி ஃபர்ஸ்ட் பேஸ்மேனக் குடுத்து இந்த மாதிரி ஷார்ட்ஸ்டாப்ப வாங்கறதுக்கு எங்க லீக்ல இன்னமும் ஆளு கெடைக்கறாங்க, அதுவும் எதுத்தாப்ல இருக்கறவரு மேல ஒரு டிராஃப்ட் பிக்கையும், அதாவது புதுப் பசங்கள்ல ஆளெடுக்கற வாய்ப்பையும், சேத்துக் குடுத்து "தேங்க்ஸ்"னு மெசேஜ் போடறாரு!

சின்னதுல அப்பாரு கூட கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போவேன், சித்திரையில மாரியம்மன் கோயல் நோம்பியப்ப கூடும். கொம்புக்குப் பெயிண்டு அடிச்சு சலங்கை கட்டி நிறுத்திருக்கற மாட்டுக்கிட்டதான் கூட்டம் நிக்கும், அப்பாரு அந்தப் பக்கமே திரும்ப மாட்டாரு. ஓரத்துல நிக்கற காங்கேயங்காளைக்கிட்டப் போயி மொதல்ல வாயத் தொறந்து பல்லப் பாப்பாரு, பொறவு கயித்தப் புடிச்சு நாலு அடி நடக்க உட்டுப் பாப்பாரு, அப்பறந்தான் தரகரு கையில துண்டப் போட்டு அடியில வெரலப் புடிச்சு வெல பேசறது. பல்லுன்னா வயசு, நடைன்னா வேல செய்யற தெம்பு, துண்டுக்குள்ள நடக்கறது வெல. ஓஓடிபில ஒரு பிளேயர் பேஜத் தொறந்தா நான் பாக்கற வரிசையும் இதேதான், வயசு, உள்ள இருக்கற ரேட்டிங்கு, கான்ட்ராக்ட். மஞ்ச ஸ்டாரு அந்தப் பெயிண்டடிச்ச கொம்பு.

உள்ள இருக்கற ரேட்டிங்குன்னு சொன்னேனே, அதுலயும் ஒரு சூச்சுமம் இருக்குது. கான்டாக்ட் 65ன்னு பாத்தவொடனே வாயப் பொளக்காதீங்க. கான்டாக்ட்ங்கறது தனி ரேட்டிங்கே இல்ல, அடிச்ச பால் ஹிட்டாகறது, மூணு ஸ்ட்ரைக்குல அவுட்டாகற ஸ்ட்ரைக்கவுட் ஆகாம தப்பிக்கறது, சித்த பவரு, இதெல்லாம் கலந்து வர்ற நம்பரு. அதனால பவரையும் தனியா பாத்து கான்டாக்டையும் தனியா பாத்து ரெண்டையும் கூட்டுனா ஒண்ணயே ரெண்டு தடவ எண்ணுன மாதிரி ஆயிரும். நான் பேட்ஸ்மேன் பேஜ்ல மொதல்ல பாக்கறது ஐ ரேட்டிங்கு, அதாவது வாக்கு எடுக்கற பொறும. மத்தவங்க அதக் கண்டுக்கறதே இல்ல, அதனால அது எப்பவுமே மலிவு. அதுபோக லெஃப்ட் ரைட் பிரிச்சுப் பாக்கோணும், பவுலருங்கள்ல வலதுகைக்காரங்கதான் நெம்ப ஜாஸ்தி, ஒரு பேட்ஸ்மேன் இடதுகை பவுலர மட்டும் வெளுத்து வாங்கறவனா இருந்தா அவன் பொது ரேட்டிங்கு என்ன காட்டுனாலும் சீசன்ல முக்காவாசி நாளு தடுமாறுவான்.

பிட்சர், அதான் நான் பவுலருன்னு சொன்னவன், அவன் கத இன்னும் சொவாரசியம். ஜெயிச்ச மேட்ச் எத்தனைன்னு பாத்து பிட்சர எடைபோட்ட காலமெல்லாம் போச்சுங்க. ஜேக்கப் டிக்ராம் 2018ல 10 ஜெயிச்சு 9 தோத்தாரு, ஆனா ஈஆர்ஏ, அதாவது ஒம்பது இன்னிங்ஸுக்கு அவரு குடுத்த ரன்னு, 1.70தான், நல்ல பிட்சருக்குக் குடுக்கற சை யங் விருதும் அவருக்குத்தான். அவரு டீம் பேட்டிங் புடிக்கலைன்னா அவரு என்ன பண்ணுவாரு பாவம்! ஆனா ஈஆர்ஏவையும் நான் முழுசா நம்பறதில்ல. வோரோஸ் மெக்ராக்கன்னு ஒருத்தர் 2001ல ஒரு கட்டுரை எழுதுனாரு, மைதானத்துக்குள்ள உழுந்த பால் ஹிட்டாகுதா கேட்ச்சாகுதாங்கறதுல பிட்சரோட கை நாம நெனைக்கறதவிட நெம்பக் கம்மின்னு. அப்ப பேஸ்பால் பேசறவங்க வட்டாரத்துல பெரிய சண்டையே நடந்துச்சு. அவர நம்புனா பாக்கவேண்டியது மூணே மூணுதான், ஸ்ட்ரைக்கவுட், வாக்கு, ஹோம் ரன். இத வெச்சு வர்றதுதான் ஃபிப், ஹோம் ரன்ன 13ஆல பெருக்கு, வாக்கையும் ஒடம்புல பட்ட பாலையும் கூட்டி 3ஆல பெருக்கு, ஸ்ட்ரைக்கவுட்ட 2ஆல பெருக்கிக் கழி, மொத்தத்த இன்னிங்ஸ்ல வகுத்துட்டு சுமார் 3.10 சேத்துக்கோ.

180 இன்னிங்ஸ் போட்ட ஒருத்தன், ஹோம் ரன் 15, வாக்கு வகையறா 50, ஸ்ட்ரைக்கவுட் 190. போட்டுப் பாத்தா ஃபிப் 2.91 வரும். ஆனா அவனுக்குப் பின்னாடி நிக்கற ஃபீல்டருங்க ஓட்டக் கையி, அதனால ஈஆர்ஏ 4.05ன்னு காட்டுது, அவன் ஓனரு வெறுத்துப்போயி டிரேட் பிளாக்ல, அதாவது விக்கற ஆளுங்க லிஸ்ட்டுல, போட்டிருக்கறாரு. இன்னொருத்தன் அதே 180 இன்னிங்ஸு, ஹோம் ரன் 26, வாக்கு 70, ஸ்ட்ரைக்கவுட் 120, ஃபிப் 4.81, ஆனா ஈஆர்ஏ 3.20. இந்த ரெண்டாவது ஆளு என்ற டீம்ல இருந்தான்னா ராத்திரியோட ராத்திரியா டீம் நடத்தற எல்லா ஜிஎம்முக்கும் மெசேஜ் போயிரும், "ஈஆர்ஏ 3.20, ஆளு ஹெல்த்தி, யாருக்கு வேணும்"னு. பொய்யொண்ணும் சொல்லலையே நானு. ரேட்டிங் பக்கம் பாத்தாலும் இதேதான், ஸ்டஃப், மூவ்மென்ட், கன்ட்ரோல்னு மூணு இருக்கும், ஸ்டஃப் ஸ்ட்ரைக்கவுட்டுக்கு, மூவ்மென்ட் ஹோம் ரன் கொறைக்கறதுக்கு, கன்ட்ரோல் வாக்குக்கு. மேட்ச ஆரம்பிச்சுப் போடற ஸ்டார்ட்டரா வேணும்னா ஸ்டாமினாவும் மூணு வகை பாலாவது போடறவனான்னும் பாத்துக்கோணும், இல்லீன்னா அதே பேட்ஸ்மேனுங்க மூணாவது ரவுண்டு வர்றப்ப தொவைச்சு எடுத்துருவாங்க.

சீசன் ஆரம்பிச்சு ஒரு மாசத்துல மச்சான் போன் போட்டு "இவன் 0.380 அடிக்கறான்டா"ங்கறான். அடிப்பான். மைதானத்துக்குள்ள உழுந்த பால்ல எத்தன ஹிட்டாச்சுங்கற பேபிப் பாருன்னேன், 0.450. லீக் முழுக்க சராசரி 0.300 பக்கம் நிக்கற எடத்துல இவன் மட்டும் 0.450, அது எத்தன நாளைக்கு நிக்கும்? ஸ்ட்ரைக்கவுட் வீதம் சுமார் 60 பேட்டிங்குலயே ஓரளவுக்கு ஆளக் காட்டிக் குடுத்துரும், வாக்குக்கு 120 பக்கம் ஆகும்னு ரஸ்ஸல் கார்ல்டன் கணக்குப் போட்டுச் சொன்னாரு, பேபிப்புக்கு ஒரு சீசனே பத்தாது. அதனால மே மாசத்துல நான் பாக்கறது ஸ்ட்ரைக்கவுட்டும் வாக்கும் மாறிருக்குதாங்கறது மட்டுந்தான், மத்தத சீசன் முடிஞ்சாப் பாக்கலாம். சும்மா கெடைக்கற ஆளவிட எத்தன மேட்சு ஜாஸ்தி ஜெயிச்சுத் தந்தான்னு, வார்னு ஒரே நம்பர்ல எல்லாத்தையும் சுருக்கித் தர்றாங்களே அதப் பாத்தா ஆகாதான்னு கேப்பீங்க. போன சீசனுக்கு யாருக்கு விருது குடுக்கறதுன்னா வார் பாருங்க, தாராளமா. அடுத்த வருசத்துக்கு ஆளு வாங்கறதுன்னா அதுக்குள்ளயும் அதே அதிர்ஷ்டம் ஒளிஞ்சு கெடக்குது, ஃபீல்டிங் நம்பரு அர சீசன்ல எக்குத்தப்பா ஆடும்.

மைதானத்தையும் பாக்கோணும். டென்வர்ல கூர்ஸ் ஃபீல்டுங்கற மைதானம் சுமார் 5,200 அடி ஒசரத்துல இருக்குது, நம்ம ஏற்காடு மாதிரி ஒசரம்னு வெச்சுக்குங்க, காத்து லேசு, பால் பறக்கும், 2002ல இருந்து பாலையே ஈரப்பதம் வெச்ச ரூமுக்குள்ள வெச்சு எடுத்தும் அங்க ரன்னு கொட்டத்தான் செய்யுது. கேம்லயும் ஒவ்வொரு பார்க்குக்கும் ஃபேக்டர் போட்டிருக்கும், இடதுகைக்கு ஹோம் ரன் தனி, வலதுகைக்கு தனி. டென்வர்ல 30 அடிச்சவன நம்மூட்டு மைதானத்துலயும் 30 அடிப்பான்னு காசக் குடுத்துராதீங்க.

ஸ்டீல், அதாவது அடிக்காமயே அடுத்த பேஸுக்கு ஓடித் திருடறது, அதுக்கு ஒரு வரி போதும். ரிக்கி ஹென்டர்சன் 1982ல 130 பேஸ் திருடுனாரு, 1900க்கு அப்பறம் அதுதான் ரெக்கார்டு, அதே வருசம் 42 தடவ மாட்டுனாரு. ஒரு தடவ மாட்டுனா போற ரன்னு, ஒரு தடவ தப்பிச்சா வர்றதப் போல ரெண்டு மடங்கு. நாலுல மூணு தடவ தப்பிக்காதவன ஓட உடாதீங்க, ஸ்பீடு 80ன்னு பாத்து சம்பளத்தையும் ஏத்தாதீங்க.

கடசியா காசு, நெசமான ஆட்டமே இங்கதான். சும்மா கெடைக்கற ஆளுக்கு மேல எவ்வளவுங்கறதுதான் வெல. டீமுங்க கழட்டி உட்ட ஆளுங்க இருக்கற வேவர் லிஸ்ட்டுல யாரும் சீந்தாம ஒருத்தன் கெடப்பான், மினிமம் சம்பளத்துக்கு வருவான், அவனே ஓரளவுக்கு ஆடிருவான். அவனவிட ஒரு மேட்சு ஜாஸ்தி ஜெயிச்சுத் தர்றவனுக்கு 12 மில்லியன் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ யோசிக்கோணும். மேஜர் லீக்ல மினிமம் 2025க்கு 7,60,000 டாலரு, புதுசா வர்ற பையன் மொத மூணு வருசம் பெரும்பாலும் அந்தக் கணக்குலதான் ஆடுவான், பொறவு நடுவருங்க வெச்சு சம்பளம் முடிவு பண்ற ஆர்பிட்ரேஷன், ஆறு வருசம் முடிஞ்சாத்தான் வெளிய போயி வெல பேச முடியும். அப்ப மூணு மேட்சு ஜெயிச்சுத் தர்ற 24 வயசுப் பையனுக்கும், அஞ்சு மேட்சு ஜெயிச்சுத் தந்து 30 மில்லியன் வாங்கற 33 வயசு ஆளுக்கும் நடுவுல, எனக்குப் பையந்தான். பெரியவரு இன்னும் அஞ்சு வருசத்துக்கு அதே சம்பளம் வாங்குவாரு, ஆட்டம் மட்டும் வருசத்துக்கு வருசம் கொறஞ்சுட்டே போகும். மச்சான் வாங்குனது அப்பேர்ப்பட்ட பெரியவர்தான், அஞ்சு ஸ்டாரு, ஏழு வருசக் கான்ட்ராக்ட், நோ டிரேட் கிளாஸ் வேற. விக்கக்கூட முடியாது.

குளோசருக்கும் இதே கததான். கடசி இன்னிங்ஸ் போட்டு, முன்னாடி இருக்கற மேட்ச கைவிடாம முடிச்சுக் குடுக்கற சேவ் எண்ணிக்கைய ஏத்தறவன் சீசன் முழுக்கப் போடறது 65 இன்னிங்ஸ் சுத்தி, டீம் மொத்தமாப் போடறது சுமார் 1,450. நூத்துக்கு அஞ்சு கூட வரல. இப்ப என்ற டீம்ல ஒருத்தன் 38 சேவோட நிக்கறான், கன்ட்ரோல் 40தான், ஃபிப்பு நாலுக்கு மேல. ஆள மாத்திக்கற கடசி நாளு, டிரேட் டெட்லைனுக்கு இன்னும் ரெண்டு சிம், அதாவது கமிஷனரோட ரெண்டு ஓட்டு, இருக்குது. மூணு ஜிஎம் கேட்டிருக்கறாங்க, அதுல ஒருத்தர் ஷார்ட்ஸ்டாப் பேரையே எழுதி அனுப்பிருக்கறாரு, 0.238 அடிக்கறவன், வாக்கு எழுபதுக்கு மேல, வயசு 23. நாளைக்குக் காலைல ஆறரைக்குள்ள அவருக்கு ஓகே போட்டு எக்ஸ்போர்ட் பண்ணிரோணும்.